பிரவுனுக்கு நாலு!

எங்கள் ஊரில் 'சீசன்' என்றால் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், ஏப்ரல், மே என்று. கீழே மதுரையும் திண்டுக்கல்லும் கொதிக்கிற அந்த இரண்டு மாதம் கொடைக்கானலில் காலை வைக்க இடம் கிடையாது. மூஞ்சிக்கல் பஜாரில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். மழை விழுந்து கூட்டம் இறங்கிய பிறகுதான் ஊர் மறுபடி எங்களுடையது.

ஆனால் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இன்னொரு சீசனும் நடக்கிறது. ஜூன் கடைசியில் ஆரம்பித்து, மறு வருஷம் மே முதல் வாரத்தில் முடிகிற சீசன். ஸ்நூக்கர் சீசன்!

சிரிக்காதீர்கள். அறுபது வயதில், முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்றைக்கு வூஹானில் யார் யாருக்கு ஆட்டம்?" என்று விசாரிக்கிற பெண்பிள்ளை இந்தப் பழனி மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லாம் என் அப்பாவால் வந்தது.

அப்பா மார்க்கர். இங்கே ஒரு கிளப்பில் பன்னிரண்டு வயதில் டென்னிஸ் பந்து பொறுக்கப் போனவர், பிறகு பில்லியர்ட்ஸ் அறைக்கு மார்க்கராகி, முப்பத்தைந்து வருஷம் அந்த ஒரே அறைக்குள் நின்றார். ஆடுகிறவர் எத்தனை பாயின்ட் எடுத்தார் என்று உரக்கச் சொல்லி, சுவரில் இருக்கும் பலகையில் முள்ளை நகர்த்துவது மார்க்கர் வேலை. அது மட்டுமா? கோலின் நுனியில் தோல் ஒட்ட வேண்டும், பந்துகளைத் துடைத்து வைக்க வேண்டும். ஜோடி கிடைக்காமல் வருகிற எஸ்டேட் துரைக்குத் தானே ஜோடியாக நின்று ஆட வேண்டும். ("தோக்கணும். ஆனா தோக்கறது தெரியக்கூடாது" என்பார்!) எல்லாவற்றுக்கும் மேல், மேஜைக்கு இஸ்திரி போட வேண்டும்.

ஆமாம், மேஜைக்குத்தான்! பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், பச்சைத் துணிக்கு அடியில் கனமான கற்பலகை. அந்தத் துணி கம்பளி. எங்கள் ஊர் மஞ்சு அறைக்குள் புகுந்துவிட்டால் துணி ஈரம் குடித்துக்கொள்ளும், பந்து சேற்றில் மாடு நடக்கிற மாதிரிப் போகும். அதனால் தினமும் கணப்பு மூட்டி, துணியின் மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே பிரஷ் போட்டு, பிறகு இஸ்திரிப் பெட்டியை ஒரே திசையில் இழுப்பார். வீட்டில் அம்மாவின் புடவைக்கு ஒருநாள் இஸ்திரி போட்டதில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள்.

நான் அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போவேன். அறைக்குள் போக முடியாது. பெண்கள் அந்த அறை வாசலை மிதிக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். மெம்பர்களின் வீட்டம்மாக்களுக்கே அப்படியென்றால் மார்க்கர் மகளுக்குக் கேட்பானேன்! பின்பக்க ஜன்னலண்டை தூக்குப்பாத்திரத்தோடு நிற்பேன். பிரேம் முடிகிறவரை அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். மஞ்சிலும் தூறலிலும் நின்று நின்று, எந்தப் பந்துக்கு எத்தனை என்பது வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்கு மனப்பாடம். சிவப்புப் பதினைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒரு சிவப்பு விழுந்தால் அடுத்து ஒரு கலர் போடலாம். மஞ்சளுக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று, பிரவுனுக்கு நாலு, நீலத்துக்கு ஐந்து, பிங்க்குக்கு ஆறு, கறுப்புக்கு ஏழு. கலர் திரும்ப மேஜைக்கு வரும், சிவப்பு வராது. ஒரு தப்பும் இல்லாமல் அத்தனையையும் கறுப்போடு எடுத்து முடித்தால் 147. அதற்கு மேல் சாதாரணமாக முடியாது.

ஒரே ஒரு நாள், பத்து வயதிருக்கும், மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே காலை வைத்துவிட்டேன். அறையில் யாரும் இல்லை. கோல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அப்பா வந்து பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. என் தோளைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டு, நான் நின்ற இடத்தை ஈரம் போகத் துடைத்தார். அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்த விளையாட்டே நம் நாட்டில் பிறந்ததுதான். 1875ல் ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாத நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி, பழைய ஆட்டத்தில் கலர்ப் பந்துகளைச் சேர்த்து உண்டாக்கியதாகச் சொல்கிறார்கள். (பின்னால் பிரதமரான சேம்பர்லின் இல்லை, இவர் வேறு.) விதிகளை எழுதி ஒட்டியது ஊட்டி கிளப்பில். எல்லாப் பெருமையும் ஊட்டிக்கே போகும், அது எங்களுக்குப் பழகிவிட்டது! அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை. "ஊட்டிக் குளிருல துணி எப்படி இருக்குமோ?" என்று கடைசிவரை சந்தேகமாகவே கேட்பார்.

2022ல் அவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். அதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். சாப்பிட்டதும் "இன்னும் சோறு போடலையா?" என்பார். அம்மா இறந்து பத்து வருஷம் ஆகியும் அவளைத் தேடுவார். எல்லாவற்றையும் விடக் கஷ்டம் சாயங்காலம். ஐந்து மணி ஆனால் மனிதருக்கு நிலைகொள்ளாது. "டூட்டிக்கு நேரமாச்சு, கோட்டு எங்கே?" என்று வாசல் தாழ்ப்பாளை ஆட்டுவார். பொழுது சாய்கிற நேரத்தில் இந்த நோயாளிகளுக்குக் குழப்பம் அதிகமாவது உண்டு என்று டாக்டர் விளக்கினார். "இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள், எதிர்த்து வாதாடாதீர்கள், தினம் அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்" என்றார். என்ன வேலை கொடுப்பது? பட்டாணி உரிக்கக் கொடுத்தேன், நூல் சுற்றக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம், அவ்வளவுதான்.

2023 ஜூலையில் பெங்களூரிலிருந்து வந்த என் மகன், டி.வி.யில் எதையோ இணைத்து ஒரு ஸ்நூக்கர் ஆட்டத்தைப் போட்டுவிட்டுப் போனான். நான் அடுப்படியில் பூம்பாறைப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன். கூடத்திலிருந்து ஒரு குரல். நாற்பது வருஷத்துக்கு முன் ஜன்னல் வழியாகக் கேட்ட அதே குரல்! "ஒன்... எய்ட்... நைன்... சிக்ஸ்டீன்..." ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டி.வி.க்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். காலையில் என் பெயரைக் கேட்டவர்!

நாள்பட்ட பழக்கமாகிவிட்ட காரியங்கள், நேற்று நடந்ததைவிட அதிக காலம் தங்கும் என்றார் டாக்டர். சிலருக்குப் பாட்டாம், சிலருக்குக் கோலமாம். எங்களுக்கு இது.

அன்றிலிருந்து வீட்டுக் காலண்டரில் அமாவாசை, ஏகாதசியோடு போட்டிகளையும் குறித்து வைக்கிறேன். சீனாவில் நடக்கும் போட்டிகள் எங்களுக்கு வரப்பிரசாதம். அங்கே ராத்திரி ஏழரை என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்து மணி, அப்பா 'டூட்டி'க்குக் கிளம்புகிற அதே நேரம். ஷாங்காய், வூஹான், ஷியான் எல்லாம் எங்கள் வீட்டில் வத்தலக்குண்டு, பெரியகுளம் மாதிரிப் பழகிவிட்ட பெயர்கள். மழை பிடிக்கிற நவம்பர் கடைசியில் இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் போட்டி. உறைபனி விழுகிற ஜனவரியில் லண்டனில் மாஸ்டர்ஸ், அதற்கு உலகின் முதல் 16 பேருக்குத்தான் அழைப்பு. கடைசியில் ஏப்ரல், மே மாதங்களில் ஷெஃபீல்ட் ஊரில் பதினேழு நாள் உலகச் சாம்பியன் போட்டி. 1977லிருந்து க்ரூசிபிள் என்ற ஒரே நாடக அரங்கில்தான் அது நடக்கிறது. ஊரெல்லாம் சீசன் கூட்டத்தில் திணறும்போது நாங்கள் ஷெஃபீல்டில் இருப்போம்.

பார்க்கப் பார்க்க அந்த ஆட்டக்காரர்களின் பிழைப்பும் எனக்குப் புரிய ஆரம்பித்தது. மாதச் சம்பளம் கிடையாது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூற்றிருபத்தெட்டுப் பேர் போல இருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு இரண்டு வருஷத்துக்கு 'கார்டு' கொடுக்கிறார்கள். அதற்குள் ஜெயித்த பரிசுப் பணத்தைக் கூட்டித்தான் வரிசை. பின்தங்கினால் கார்டு போச்சு! முதல் சுற்றிலேயே தோற்றவன் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறுகிறான். டை கட்டிய தினக்கூலி, வேறென்ன!

இந்தத் தொழில்முறைச் சீசன் இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறது. 2013ல் டெல்லியில் முதல் இந்தியன் ஓபன். நம் ஆதித்யா மேத்தா இறுதி ஆட்டம் வரை போய், சீனாவின் டிங் ஜுன்ஹுயியிடம் தோற்றார். பிறகு மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம். 2019ல் கொச்சி. கொச்சி! கொடைக்கானலிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். அப்போது அப்பா நினைவோடு இருந்தார். தனியாக ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வருவார். அழைத்துப் போயிருக்கலாம். எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய?

போகட்டும். முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஏப்ரல். உலகப் போட்டி நடக்கிறது. அப்பாவின் கணக்குத் தப்ப ஆரம்பித்தது. நன்றாக எண்ணிக்கொண்டே வருவார், திடீரென்று "பவுல்! செவன்!" என்று கத்துவார். எதிராளிக்கு ஏழு பாயின்ட் தரச் சொல்லி டி.வி.யோடு சண்டை. "சிவப்பு மேலே சிவப்புப் போடறான், ரெஃபரீ பாத்துக்கிட்டு நிக்கிறான்" என்று கோபத்தில் கை நடுங்கும். எனக்கு வயிறு கலங்கியது. இந்த ஒன்றாவது மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேனே! நாங்கள் காட்டிய டாக்டரும் கேட்டுவிட்டு, "நோய் அடுத்த படிக்குப் போகுதும்மா, எதிர்பார்த்ததுதான்" என்றார். ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். டி.வி.யையே நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. பார்த்துப் பார்த்து ஆத்திரப்படுவானேன்?

கண்டுபிடித்தது என் பேத்தி. ஏழாவது படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். பெரிய தாத்தா பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவர் எண்ணுவதையும் டி.வி. காட்டுவதையும் இரண்டு பத்தியாக எழுதுவது அவளுக்கு விளையாட்டு. மூன்றாம் நாள் நோட்டோடு வந்தாள்.

"பாட்டி, பெரிய தாத்தா கணக்குத் தப்பா சொல்லலை. பிரவுன் விழுந்தா மட்டும்தான் பவுல்ங்கிறார். பிங்க், கறுப்பு எல்லாம் சரியா சொல்றார். சிவப்புக்கு அடுத்து இன்னொரு சிவப்பைப் போட்டா ஏழு பாயின்ட் பவுல்தானாம், ரூல்ல இருக்கு. அவருக்குப் பிரவுன் சிவப்பாத் தெரியுது போல!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். மூளை தேய்ந்தவர் 'பவுல்' என்றாவது சொல்லுவார். சரியாக 'ஏழு' என்று சொல்லுவாரா?

அந்த வாரம்தான் டி.வி.யில் மார்க் வில்லியம்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேல்ஸ் நாட்டுக்காரர், 50 வயது, கண் பார்வை மங்கிப் போய், லென்ஸ் மாற்றும் ஆபரேஷன் செய்துகொள்வது பற்றிச் சொல்லியிருந்தார். அந்தக் கண்ணோடு இறுதி ஆட்டம் வரை வந்து, சீனாவின் ஜாவ் ஷின்டாங்கிடம் 18-12ல் தோற்றார். க்ரூசிபிளில் அதுவரை இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்களில் அவர்தான் மிக மூத்தவராம். சீனாவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். எனக்கு அதெல்லாம் காதிலே ஏறவில்லை. கண்! அப்பாவின் கண்ணை நாங்கள் கடைசியாக எப்போது காட்டினோம்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, மறதி வந்த பிறகு காட்டவே இல்லை. எதற்கெடுத்தாலும் அந்த ஒரே நோயின் தலையில் போட்டுவிட்டோம். தடுக்கி விழுந்தாரா, மறதி. தட்டில் இருக்கும் கறியை விட்டுவிட்டாரா, மறதி.

மதுரைக்கு அழைத்துப் போனோம். பெருமாள் மலை தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. புரை விழுந்த கண் பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி, நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும் என்றார் கண் டாக்டர். "இந்த வயசில், இந்த நோயோடு ஆபரேஷனா?" என்று உறவில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். "சரியாகப் பார்த்தால் குழப்பமும் கொஞ்சம் குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் மறதி போகாது" என்று டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார். தம்பியும் நானும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசி, சரி என்றோம்.

அசையாமல் படுக்க வேண்டுமே என்பதுதான் எனக்குக் கிலி. உள்ளே கூட்டிப் போகும்போது நர்ஸிடம், "அசைஞ்சா, துரை ஷாட் அடிக்கப் போறார்னு சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் வெளியே வந்ததும் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், "சிலை மாதிரிப் படுத்திருந்தார்மா!" ஷாட் அடிக்கும்போது மார்க்கர் இமைகூட அசைக்கக் கூடாது.

வீட்டில் இதே நிலையில் பெரியவர்கள் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆபரேஷனைவிடப் பின்னால் வரும் நாட்கள்தான் கஷ்டம். சொட்டு மருந்து விட்டது அவருக்கு நினைவிருக்காது, கண்ணில் ஏதோ உறுத்துகிறது என்று கசக்கப் போவார். ராத்திரியில் கண்ணுக்கு மூடி போட்டு, நானும் தம்பி மனைவியும் முறை வைத்து விழித்தோம். ஒரு கண் ஆறிய பிறகுதான் அடுத்த கண்.

ஜூலைக் கடைசியில் ஷாங்காய்ப் போட்டி. சிவப்பு விழுந்தது, பிறகு பிரவுன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஒன்... ஃபைவ்." சரிதான், பிரவுனுக்கு நாலு! பேத்திக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அன்று எங்கள் வீட்டில் பால் பாயசம்.

நவம்பரில் ஒருநாள், பத்திரிகையில் ஒரு பெண்ணின் படம். சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், தோஹாவில் நடந்த உலக ஸ்நூக்கர் போட்டியில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை 3-2 என்று வென்று பட்டம் வாங்கியிருக்கிறாள். இது தொழில்முறைச் சீசனில் சேராத தனிப் போட்டி. ஆனால் இந்த இங் ஆன்-யீ லேசுப்பட்ட ஆள் இல்லை, மூன்று முறை பெண்கள் உலகச் சாம்பியன். 2017ல் சிங்கப்பூர் இறுதி ஆட்டத்தில் நம் வித்யா பிள்ளையை 6-5ல், ஒரே ஒரு பிரேமில் தோற்கடித்தவர். பெண்களுக்கென்று உலகப் போட்டி 1976லேயே தொடங்கிவிட்டது. 2021லிருந்து பெண்கள் போட்டிகளில் முன்னால் நிற்பவர்களுக்கு, ஆண்கள் ஆடும் அதே தொழில்முறைச் சீசனுக்குக் கார்டும் தருகிறார்கள். அனுபமா 2023ல் இந்தூர்ப் பெண் அமீ கமானியோடு சேர்ந்து பெண்கள் உலகக் கோப்பையையும் வாங்கியவள். நான் ஜன்னலில் நின்ற வருஷங்களில் இதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். படத்தைப் புதுக் கண்ணால் உற்றுப் பார்த்தார்.

"பொம்பளைப் பிள்ளையா?"

"ஆமாப்பா. மெட்ராஸ் பொண்ணு."

"உள்ளே விட்டாங்களா?"

"விட்டாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மார்க்கர் யாரு?" என்றார். தெரியாது என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மஞ்சு இறங்கி, பேரிக்காய் மரம்கூடத் தெரியவில்லை.

"பாப்பா சோறு கொண்டாந்து வெளியே நிக்கிறா. காத்து அடிக்குது. உள்ளே வரச் சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்து. யாரோ கிளப் அதிகாரியிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்.

"சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? அடுப்பில் ரசம் பொங்குகிற வாசனை வந்தது, எழுந்து போய்விட்டேன்.

யார்க் போட்டிக்கு அந்த மாதக் கடைசியில் காலண்டரில் வட்டம் போட்டேன். குளிர்காலத்தில் அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் நமக்கு நடுநிசி பன்னிரண்டரை. அந்த நேரத்தில் அவரை எழுப்ப முடியுமா? தூக்கம் கெட்டால் மறுநாள் குழப்பம் இரட்டிப்பாகும். அதனால் மகன் சொல்லிக்கொடுத்தபடி, முந்திய ராத்திரி ஆட்டத்தை மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடுகிறேன். கோட்டை மாட்டிவிட்டு, விளக்குகளைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு நானும் உட்காருவேன். இப்போதெல்லாம் நடுவில் அவருக்கு மூச்சு வாங்குகிறது. நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அவர் விட்ட இடத்திலிருந்து நான் எண்ணுவேன். யார் ஜெயித்தார் என்று காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறக்க மாட்டேன்.